படியிறங்கும் உங்கள் காலுக்காக ஒரு பரீட்சை… தெரியுமா?

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இடுப்பில் குழந்தை, தோளில் பை, கீழேயிருந்து யாரோ கூப்பிடும் சத்தம். கண் படியைப் பார்ப்பதே இல்லை. முதல் இரண்டு படிகளிலேயே கால் கணக்குப் போட்டுவிடுகிறது. மிச்சப் படிகளை அந்தக் கணக்கை நம்பித்தான் இறங்குகிறோம். நடுவில் ஒரே ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடுதல் ஆழமாக இருந்தால்? கால் மடங்கும், ஆள் கீழே! அதனால்தான் அமெரிக்கக் கட்டட விதிகளில், ஒரே வரிசைப் படிக்கட்டில் மிக உயரமான படிக்கும் மிகக் குட்டையான படிக்கும் நடுவே 3/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கவே கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை!

இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று, கட்டடக்கலைப் பட்டம் வாங்கிய பிறகும் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க உலகின் பல நாடுகளில் ஒரு பரீட்சை இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் உரிமத் தேர்வு! டாக்டருக்கு உரிமம் வேண்டும், வக்கீலுக்குப் பார் கவுன்சில் உண்டு என்று நமக்குத் தெரியும். ஆர்க்கிடெக்டுக்கு? யோசித்ததே இல்லை, இல்லையா? நீ அழகாக வரைவாயா என்பது அந்தத் தேர்வின் முதல் கேள்வி அல்ல. உன் பெயரே தெரியாத ஒருவர் நீ வரைந்த கட்டடத்துக்குள் போனால் பத்திரமாகத் திரும்பி வருவாரா? அதுதான் முதல் கேள்வி.

1897 வரை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வாசலில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பது தெரியுமா? தச்சர் மாட்டலாம், கான்ட்ராக்டர் மாட்டலாம், நேற்றுவரை மளிகைக்கடை வைத்திருந்தவரும் மாட்டலாம். கேட்பார் கிடையாது. அந்த வருடம் இல்லினாய் மாநிலம்தான் முதன்முதலாக ஒரு சட்டம் கொண்டுவந்தது: உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது. ஏன் இல்லினாய்? சிகாகோ நகரம் அங்கேதான் இருக்கிறது. 1871-இல் பெருந்தீயில் வெந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து, 1885-இல் பத்து மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை நிறுத்திக்காட்டிய ஊர். வானத்தைத் தொடப் புறப்பட்ட ஊருக்குத்தான் முதலில் பயமும் வந்தது!

அந்தச் சட்டப்படி அமைந்த முதல் தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் நேதன் ரிக்கர். இவர் யார் தெரியுமா? 1873-இல் அமெரிக்காவிலேயே கட்டடக்கலையில் பட்டம் பெற்ற முதல் ஆள். முதல் பட்டதாரியே முதல் தேர்வாளர்களில் ஒருவராகவும் ஆனார்!

இன்னும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் 1898-இல் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார். மேரியன் மஹோனி. இல்லினாயில் உரிமம் பெற்ற முதல் பெண். கட்டடக்கலை மேதை ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ரைட்டின் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோன அந்தப் புகழ்பெற்ற ஓவியத் தொகுப்பின் பல பக்கங்கள் இவர் கைவண்ணம். பிறகு கணவர் வால்டர் பர்லி கிரிஃபினோடு சேர்ந்து ஒரு போட்டிக்கு வரைபடம் அனுப்பினார். வந்தவை மொத்தம் 137. இவர்களுடையதே 1912-இல் வென்றது. என்ன போட்டி? ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவை வடிவமைக்கும் போட்டி! கதை இத்தோடு நிற்கவில்லை. 1930-களில் இந்தத் தம்பதி நம் நாட்டுக்கே வந்தார்கள். லக்னோவில் கட்டடங்களுக்கு வரைந்துகொண்டிருந்தபோது 1937-இல் கணவர் காலமானார். லக்னோ மண்ணிலேயே அடக்கமானார். சிகாகோவில் ஒரு பரீட்சைத் தாளில் தொடங்கிய பயணம் கான்பெராவைச் சுற்றிக்கொண்டு கோமதி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது!

சரி, இன்றைக்கு அமெரிக்காவில் அந்தத் தேர்வு எப்படி இருக்கிறது? 1919-இல் தொடங்கிய என்.சி.ஏ.ஆர்.பி. என்ற அமைப்பு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே தேர்வாக நடத்துகிறது. பெயர் ஏ.ஆர்.ஈ. மொத்தம் 6 பிரிவுகள். அலுவலகத்தை நடத்துவது, பணித்திட்டத்தை நடத்துவது, இடத்தையும் தேவையையும் அலசுவது, வடிவமைப்பது, கட்டுவதற்கான வரைபடங்களையும் ஆவணங்களையும் தயாரிப்பது, கட்டும்போது மேற்பார்வை பார்ப்பது. கேள்விகளை எழுதுபவர்கள் யார்? தொழிலில் இருக்கும் ஆர்க்கிடெக்டுகளே, தன்னார்வமாக! தேர்வு போதாதென்று 3,740 மணி நேரம் உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் வேலை பார்த்து, அதைக் கணக்கெழுதிக் காட்டவும் வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தாலும் ஏறக்குறைய 2 வருட உழைப்பு. கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து உரிமம் கையில் வரும்வரை சராசரியாகச் சுமார் 13 ஆண்டுகள் ஆகின்றன. பதின்மூன்று! கல்லூரியில் சேர்ந்த வருடம் பிறந்த குழந்தை எட்டாம் வகுப்புக்கு வந்துவிடும்.

கணினி வருவதற்கு முன் இந்தத் தேர்வில் ஒரு பகுதி இருந்தது. இன்றும் மூத்த ஆர்க்கிடெக்டுகள் அதைப் பற்றிப் பேசினால் கை தானாக விரல்களை நீவிவிட்டுக்கொள்ளும். 12 மணி நேர வடிவமைப்புத் தேர்வு! ஆம், ஒரே நாளில், ஒரே இருக்கையில். பெரிய மண்டபம், வரைபலகையைத் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கேள்வித்தாளில் ஒரு கட்டடம் கொடுப்பார்கள். காலையில் வெறுந்தாள், இரவு வீட்டுக்குப் போகும்போது மேசையில் அந்தக் கட்டடம் தரைப்படம், வெட்டுப்படம் என்று பென்சிலில் நிற்க வேண்டும். 1997-இல்தான் தேர்வு முழுவதுமாகக் கணினிக்குப் போனது.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பிரிவில் பாஸ் ஆனால், அந்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் மற்றவற்றையும் முடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் பாஸ் ஆனதும் செல்லாமல் போய்விடும். நடுவில் பிரசவம் வரும், குழந்தை வளர்ப்பு வரும், அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகும். கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெண்களையும் கறுப்பின மக்களையும் இந்த விதி அதிகம் பாதிக்கிறது என்று அமைப்பே கண்டு, 2023-இல் அதை எடுத்துவிட்டது. நல்ல முடிவு. படிக்கட்டின் அளவு தெரிந்தவருக்கு ஆறாவது வருடத்தில் அது மறந்தா போகும்?

அடுத்து சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் ஆர்க்கிடெக்ட் உரிமத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, தெரியுமா?

1937 மார்ச் 18. டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூர். எண்ணெய்க் கிணறுகளால் பணம் கொழித்த ஊர்; பள்ளிக்கூடமே பிரமாதமாக இருக்கும். செலவைக் குறைக்க, எண்ணெய் வயலிலிருந்து வெளியேறும் எரிவாயுவைப் பள்ளிக்குக் குழாய் போட்டு இழுத்திருந்தார்கள். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. குழாய் கசிந்து, தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் வாயு சேர்ந்துகொண்டே போனது. ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளி விடும் நேரம் நெருங்கும்போது, தச்சு வகுப்பில் ஆசிரியர் ஒரு மின்சார இயந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டார். ஒரு சின்னப் பொறி. கட்டடமே எழும்பி விழுந்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

அந்த ஊர் அழுத அழுகையில் டெக்சஸ் அதே ஆண்டில் பல சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டும் என்பது. சிலிண்டர் கசிந்தால் நம் சமையலறையில் குப்பென்று வருகிறதே ஒரு நாற்றம், அது எரிவாயுவின் சொந்த நாற்றம் அல்ல. நம்மை எச்சரிக்கவே சேர்க்கப்படுவது! இன்னொன்று, பொறியாளர்களுக்குப் பதிவு. மற்றொன்று, ஆர்க்கிடெக்டுகளுக்கு உரிமம் தரும் குழு. டெக்சஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வுக் குழு அந்தக் குழந்தைகளின் சாவிலிருந்துதான் பிறந்தது. அடுத்த முறை அந்த நாற்றம் வந்து ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடும்போது அவர்களை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.

உரிமம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லினாய் சட்டம் வந்து ஆறே ஆண்டில், 1903 டிசம்பர் 30-இல், அதே சிகாகோவில் இரக்வா நாடக அரங்கம் தீப்பிடித்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். புத்தம் புதுக் கட்டடம். ஆனால் கதவுகளைத் திறக்க முடியவில்லை. சில பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. பின்னாலிருந்து கூட்டம் தள்ளும்போது உள்பக்கம் திறக்கும் கதவு கதவே அல்ல, சுவர்! இன்று பெரிய தியேட்டர்களில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், உடம்பால் மோதினாலே கதவு வெளியே திறந்துகொள்ளும். அந்தக் கம்பி பிறக்கத் தூண்டியது இந்தத் தீ. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எத்தனை பேருக்கு எத்தனை வழி, எவ்வளவு தூரத்துக்குள் வெளியே போயாக வேண்டும்: உரிமத் தேர்வுகளில் இவை வெறும் மனப்பாடக் கேள்விகளாகத் தெரியலாம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் கீற்றுக்கூரை எரிந்து, குறுகலான படிக்கட்டுள்ள பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நமக்கு அவை அப்படித் தெரியக் கூடாது.

இப்போது ஜப்பானுக்குப் போவோம். தலைசுற்றும்!

ஜப்பானில் ஆர்க்கிடெக்ட் உரிமம் ஒன்றல்ல, மூன்று. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாவதாக மரக் கட்டடங்களுக்கென்றே தனி உரிமம்! இரண்டு மாடிக்கும் 300 சதுர மீட்டருக்கும் மேற்படாத மர வீடுகளை மட்டும் வடிவமைக்க அது. மரத்தோடு மரம் கோத்து ஆயிரம் ஆண்டுக் கோயில்களை நிறுத்திய நாட்டில் மரத்துக்குத் தனி மரியாதை இருப்பதில் வியப்பில்லை. சட்டம் 1950-இல் வந்தது. போரில் நகரங்கள் எரிந்து, நாடே புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம். அந்தச் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் கட்டுமான நிறுவனம் நடத்திய ஓர் இளம் நாடாளுமன்ற உறுப்பினர். பெயர் ககுவேய் தனாகா. 1972-இல் அவரே ஜப்பானின் பிரதமர்!

முதல் வகுப்புத் தேர்வில் முதல் கட்டம் 125 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். திட்டமிடல், சுற்றுச்சூழலும் சாதனங்களும், சட்டம், கட்டமைப்பு, கட்டுமானம் என்று ஐந்து பாடம். சட்டப் பாடத்துக்குச் சட்டப் புத்தகத்தையே தேர்வறைக்குள் கொண்டுபோகலாம், தெரியுமா? அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம், பக்கம் தேட ஓரத்தில் ‘காது’ (அடையாளத் துண்டு) ஒட்டிக்கொள்ளலாம்; குறிப்பு மட்டும் எழுதக் கூடாது. அதனால் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே அந்தத் தடித்த புத்தகத்துக்கு வண்ண வண்ணமாகக் காது ஒட்டுவதே ஒரு சடங்கு. சட்டத்தை மனப்பாடம் செய்தவர் அவர்களுக்கு வேண்டாம். வேண்டிய இடத்தில் வேண்டிய விதியைச் சட்டென்று எடுக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இரண்டாம் கட்டம் அக்டோபரில். ஆறரை மணி நேரம். கணினி கிடையாது! கையால் வரைய வேண்டும். என்ன வகைக் கட்டடம் என்பதைக் கோடையிலேயே அறிவித்துவிடுவார்கள். 2019-இல் அருங்காட்சியகத்தின் கிளைக் கட்டடம், 2020-இல் முதியோர் பராமரிப்பு இல்லம், 2021-இல் அடுக்குமாடிக் குடியிருப்பு, 2022-இல் அலுவலகக் கட்டடம், 2023-இல் நூலகம். ஆனால் எந்த மனை, எத்தனை அறை, யாருக்கு என்ன தேவை என்பதெல்லாம் அன்று காலையில்தான் தெரியும். வரைந்து முடிக்காவிட்டாலும், முக்கியமான நிபந்தனை ஒன்றை மீறினாலும் கடைசித் தரம், போனது போனதுதான். நான்கு தரங்களில் முதல் தரம் பெற்றவர் மட்டுமே பாஸ். இரண்டு கட்டமும் தாண்டி வருபவர் ஏறக்குறைய பத்தில் ஒருவர்!

2019-இல் நடந்ததைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். தேர்வு நாள் அக்டோபர் 13. சரியாக அதற்கு முந்தின இரவு ஹகிபிஸ் சூறாவளி தோக்கியோ பக்கம் கரையேறியது. பல மையங்களில் தேர்வு ரத்து. மாதக்கணக்காகக் கையைப் பழக்கிவைத்திருந்தவர்கள் டிசம்பர் 8 வரை அதே வேகத்தைக் கையிலேயே பிடித்துவைத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கேள்வித்தாளும் வேறு.

இத்தனை கறாராகத் தேர்வு வைத்தும் 2005-இல் ஜப்பானை உலுக்கிய மோசடி ஒன்று வெளிவந்தது. முதல் வகுப்பு உரிமம் வைத்திருந்த ஒருவர், நிலநடுக்கத்தைத் தாங்கும் பலம் இருப்பதாகப் பொய்க் கணக்குப் போட்டுக் கட்டடம் கட்டடமாக அனுமதி வாங்கியிருந்தார். அடுக்குமாடிகள், ஹோட்டல்கள்! மக்கள் வாங்கிய வீட்டைவிட்டு வெளியேறினார்கள். நாடு சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே சட்டத்தைத் திருத்தி, பெரிய கட்டடங்களின் பலத்தைச் சரிபார்ப்பதற்கென்று முதல் வகுப்புக்கும் மேலே தனியாக ஓர் உரிமத்தை ஏற்படுத்தியது.

அதே ஜப்பானில்தான் தடாவோ ஆண்டோவும் இருக்கிறார். குத்துச்சண்டை வீரராக மேடையேறியவர். கட்டடக்கலைக் கல்லூரியில் படிக்கவே இல்லை. புத்தகங்களை வாங்கிவைத்துத் தானே படித்தார், உரிமத் தேர்வில் தேறினார், 1995-இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் பரிசை வாங்கினார். கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கும் ஒரு தேர்வு கதவைத் திறந்துவிட்டது என்பதை நினைத்துப்பாருங்கள்!

அதற்கு நேர் எதிராக, தேர்வு எழுதவே மாட்டேன் என்று நின்றவர் ஒருவர் இத்தாலியில் இருந்தார், தெரியுமா? கார்லோ ஸ்கார்ப்பா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிய அரசு வைத்த தேர்வை எழுத மறுத்துவிட்டார். அதனால் உரிமம் உள்ள இன்னொருவரைக் கூட வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடிந்தது. ஆர்க்கிடெக்ட் என்று அழைக்க முடியாது. எனவே கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் ‘பேராசிரியர்’ என்றே கூப்பிட்டார்கள். 1978-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் படிக்கட்டில் விழுந்து இறந்தார். ஆம், படிக்கட்டு! அவர் வடிவமைத்த படிக்கட்டுகளைப் பார்க்க இன்றும் உலகமெங்குமிருந்து மாணவர்கள் வெனிஸுக்குப் போகிறார்கள். அவரே வடிவமைத்த பிரியோன் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், லினன் துணியில் சுற்றி, நின்ற கோலத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கட்டடக்கலைப் பட்டம்? அது இறந்த பிறகு மரியாதைக்காகக் கொடுக்கப்பட்டது.

நியூயார்க்கிலும் ஒரு கதை. உலகமே வியந்த 38 மாடி சீக்ராம் கட்டடத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த மீஸ் வான் டெர் ரோவுக்கு அப்போது கிட்டத்தட்ட 70 வயது. நியூயார்க் மாநில அதிகாரிகள், உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குச் சமமான சான்று எங்கே என்று கேட்டு உரிமத்தை மறுத்தார்கள்! சான்று இல்லாவிட்டால் தேர்வு எழுதலாம் என்றார்கள். அவர் வேலையை விட்டுச் சிகாகோவுக்குத் திரும்பிவிட்டார். ஜெர்மனியில் அவர் படித்த பள்ளியிலிருந்து தாள்கள் வந்த பிறகே விஷயம் தீர்ந்தது. இதில் யார் பக்கம் நியாயம்? கிழவரை அலைக்கழித்தது வருத்தம்தான். ஆனாலும், பெரிய பெயர் என்பதற்காக விதி வளையக் கூடாது என்று நின்ற அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது.

அதே நியூயார்க்கில் 1954-இல் நார்மா மெரிக் ஸ்க்லாரெக் என்ற கறுப்பினப் பெண் தேர்வு எழுதினார். அதற்கு முன் 19 நிறுவனங்கள் அவருக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தன. பெண் என்பதாலா, கறுப்பு நிறம் என்பதாலா என்று அவரால் பிரித்துச் சொல்லவே முடியாத காலம். தேர்வில்? முதல் முயற்சியிலேயே பாஸ்! நியூயார்க்கில் உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். பின்னர் கலிஃபோர்னியாவிலும் 1962-இல் அவரே முதல். தோக்கியோவின் அமெரிக்கத் தூதரகம், 1984 ஒலிம்பிக்ஸுக்காக லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் 1-ஆம் முனையம் என்று பெரிய பெரிய வேலைகளை நடத்திக்காட்டினார். கண்ணைக் கட்டிக்கொண்டு திருத்தும் தேர்வுத்தாளுக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது, நிறமும் தெரியாது. 19 கதவுகள் மூடிய இடத்தில் ஒரு தாள் வழிவிட்டது.

கலிஃபோர்னியாவில் 1921-இல் உரிமம் பெற்ற கறுப்பின ஆர்க்கிடெக்ட் பால் வில்லியம்ஸ் தலைகீழாக வரையக் கற்றுக்கொண்டார், தெரியுமா? வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் பக்கத்தில் உட்காரச் சங்கடப்படுவார்கள் என்று, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடியே, அவர்களுக்கு நேராகத் தெரியும்படி வரைவாராம். அப்படியொரு கை!

பிரிட்டனில் ரிபா எனப்படும் அரசக் கட்டடக்கலைஞர் கழகம் 1863-இல் விருப்பத் தேர்வாகத் தொடங்கி, 1882-இல் கட்டாயமாக்கியது. இந்தத் தேர்வுக்கும் நம் பக்கத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. கண்டியில் பிறந்த மின்னெட் டி சில்வா 1948-இல் ரிபா உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கொழும்பில் வக்கீலாக இருந்த ஜெஃப்ரி பாவா, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கித் தோட்டமாக மாற்றும் ஆசையில் படம் வரையத் தொடங்கி, லண்டனுக்குப் போய்ப் படித்து, ஆர்க்கிடெக்டாகத் தகுதி பெற்றது 1957-இல், வயது 38! இலங்கை நாடாளுமன்றமும் கண்டலம ஹோட்டலும் அந்தத் தாமதமான பரீட்சையின் பலன்கள். நம் நாட்டு ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷியும் ரிபா தேர்வுக்காகத்தான் மும்பையிலிருந்து லண்டன் கப்பலேறினார். 1951-இல் அங்கே ஒரு கட்டடக்கலை மாநாட்டில் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் ல கொர்புசியேவின் அலுவலகத்தாரைச் சந்தித்தவர், நேராகப் பாரிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் எட்டு மாதம் சம்பளமே கிடையாது. அதே ரிபா அவருக்கு 2022-இல் தன் தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது!

பிலிப்பைன்ஸில் இந்தத் தேர்வு ஊர்த் திருவிழா மாதிரி. இரண்டு நாள் நடக்கும்; சராசரி 70 வேண்டும், எந்தப் பாடத்திலும் 50-க்குக் கீழே போகக் கூடாது. முதல் பத்து இடங்களில் வந்தவர்களின் பெயர் பத்திரிகையில் வரும், ஊர் முகப்பில் பேனர் தொங்கும். நம்மூரில் பிளஸ் டூ முதல் மதிப்பெண்ணுக்கு ஒரு காலத்தில் நடந்த அமர்க்களம், அங்கே ஆர்க்கிடெக்டுக்கு!

பட்டியலைப் பெருக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நம் வாசலுக்கு வந்தாக வேண்டும், பிரிட்டன் வழியாக.

பிரிட்டனின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற சொல்லைத் தொழிலில் பயன்படுத்தக் கூடாது. மூன்று பேருக்கு மட்டும் விலக்கு: கப்பல் ஆர்க்கிடெக்ட், நிலவெளி ஆர்க்கிடெக்ட், கோல்ஃப் மைதான ஆர்க்கிடெக்ட்! கோல்ஃப் விளையாடுபவர்களைச் சட்டம் எவ்வளவு அக்கறையாக நினைத்திருக்கிறது பாருங்கள். நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டமும் ஏறக்குறைய அதே பாணி. கப்பலுக்கும் நிலவெளிக்கும் மட்டும் விலக்கு, கோல்ஃப் இல்லை.

சொல்லைப் பாதுகாக்கிறது, சரி. வேலையை? இங்கேதான் பலர் அதிர்ந்துபோவார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நம் சட்டம் தடுப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்துவதைத்தான், பதிவு செய்யாத ஒருவர் கட்டடம் வடிவமைப்பதை அது தடுக்கவில்லை.

இன்னொன்றும் தெரியுமா? இந்தியாவில் பட்டத்துக்குப் பிறகு உரிமத் தேர்வே கிடையாது! நாட்டா என்று ஒரு தேர்வு இருக்கிறதே என்பீர்கள். அது கல்லூரிக்குள் நுழைவதற்கு; தொழிலுக்குள் நுழைவதற்கல்ல. ஐந்து வருட பி.ஆர்க். முடித்து, நடுவில் ஓர் அலுவலகத்தில் பயிற்சி முடித்து, பட்டத்தைக் காட்டினால் கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு கிடைத்துவிடும். நம் பிள்ளைகளின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கல்லூரியில் வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரிக்கு முந்தின இரவு தூங்காமல் மாடல் ஒட்டும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் எதற்கும் தயார் என்று. ஆனால் ஜூரியில் கேட்கும் கேள்விகள் வேறு, கூட்டம் நெருக்கும் கதவு கேட்கும் கேள்வி வேறு. இரண்டு வருடம் வெயிலில் சைட்டில் நின்ற பிறகு, ‘இந்தப் படிக்கட்டில் இத்தனை குழந்தைகள் எத்தனை நிமிடத்தில் இறங்குவார்கள்?’ என்று ஒருமுறை அவர்களைக் கேட்க வேண்டும். நமக்கும் ஓர் உரிமத் தேர்வு வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். அதைக் காசு பறிக்கும் தேர்வாக ஆக்காமல், ஜப்பான் மாதிரி புத்தகத்தைத் திறந்துவைத்தே கேட்கலாம்.

அது வரும்போது வரட்டும். இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற ஒவ்வோர் ஆர்க்கிடெக்டுக்கும் சி.ஏ. என்று தொடங்கி, பதிவான ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் எண் உண்டு. வீடு கட்டப் போகிறீர்களா? உங்கள் தெருவில் மண்டபமோ பள்ளியோ எழும்புகிறதா? வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் தயங்காமல் கேளுங்கள்: “சார், உங்க சி.ஏ. நம்பர் என்ன?” எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, கவுன்சிலின் இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா, பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.